மதுரை நெட் சென்டர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் நெட் சென்டரும் ஜெராக்ஸ் கடையும் நடத்தும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உங்களைப் போன்ற ஒருவர் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வந்துபோனவர்களின் ஆதார், ரேஷன் அட்டை நகல்கள் திரையெங்கும் கிடந்தன. நடுவே ஒரு பெட்டி எழுந்தது: இந்த உபுண்டு 18.04-க்கு இனி அப்டேட் வராது என்று. உபுண்டு என்பது கணினியை ஓட்டும் இயங்குதளம், லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது; 18.04 அதன் பதிப்பு எண். ஈயை ஓட்டுவதுபோல் கடைக்காரர் அதை மூடினார். ஏன் என்று கேட்டேன். “சார், இது லினக்ஸ். அதன் நிரல் யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது, உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்றும் ஆகாது” என்றார்.

உலகம் பார்த்த லட்சணத்தைச் சொல்கிறேன். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு மென்பொருளில், வெளியாள் ரகசியமாக நுழைய ஒரு கள்ளக்கதவு இருப்பது 2024 மார்ச்சில் தெரியவந்தது. வைத்தவர், ‘ஜியா டான்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லபிள்ளையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்தவர். பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற ஒற்றைப் பொறியாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனது அவருக்கு உறுத்தியிருக்கிறது, தோண்டிவிட்டார். நிரல் திறந்திருந்ததால்தான் தோண்ட முடிந்தது, மறுக்கவில்லை. ஆனால் உறுத்தியது ஒருவருக்குத்தான்.

அந்தக் கதவு, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் என்ற லினக்ஸின் சோதனைப் பதிப்புகள்வரை வந்தது. எல்லோரும் பயன்படுத்தத் தரும் நிலைப்பதிப்பில் பழைய எக்ஸ்இசட் இருந்ததால் அது தப்பியது. பார்த்தீர்களா, பழசே நல்லது என்பீர்கள். பழையது வேறு, கைவிடப்பட்டது வேறு. டெபியன் பழைய பொருளையே வைத்துக்கொண்டு ஓட்டையை மட்டும் அடைத்து அனுப்பும், ஒரு பதிப்புக்கு ஐந்து ஆண்டுவரை. உபுண்டு 18.04-க்கு வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது.

டெபியனும் சறுக்கியிருக்கிறது. 2006-இல், தகவலைப் பூட்டிவைக்கும் ரகசியச் சாவிகளை உருவாக்கும் மறையாக்க மென்பொருளில் அவர்களே செய்த ஒரு திருத்தத்தால், ஒவ்வொரு வகைச் சாவியும் 32,768 வடிவங்களுக்குள் அடங்கிப்போனது. திண்டுக்கல் பூட்டு அத்தனையையும் ஒரே கொத்துச் சாவி திறப்பதுபோல. 2008-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

கெட்டி எது என்றால், என் ஓட்டு ஓபன்பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்துக்கு. தியோ டி ராட் 1995-இல் தொடங்கியது. தேவையில்லாத சேவைகளை மூடியே வைத்துத் தருவது அதன் வழக்கம். அத்தனை ஆண்டுகளில், நிறுவியபடியே விட்ட கணினிக்குள் வெளியிலிருந்து நுழைய இரண்டே ஓட்டைகள்தான் இருந்தன என்று அதன் குழுவினர் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனாலும் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஓராண்டுதான் பராமரிப்பு. பெட்டியை மூடும் கைக்கு அது சரிப்படாது. உங்கள் ஸ்கேனரும் கைரேகைக் கருவியும் அதில் ஓடுமா என்பது வேறு கவலை.

ஆகவே எது பாதுகாப்பானது என்று வாதாடுவதை நிறுத்திவிட்டு, உங்கள் கணினியில் இருப்பது எந்தப் பதிப்பு, அதற்கு எந்தத் தேதிவரை அப்டேட் வரும் என்று இன்றே பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் டெபியனுக்கோ புதிய உபுண்டுவுக்கோ மாறுங்கள். அதை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், யாரோ தந்த பென்டிரைவ் வேண்டாம். வாடிக்கையாளருக்குத் தனிக் கணக்கு திறந்து, அவர் எழுந்ததும் அவருடைய கோப்புகளை அழியுங்கள். இதற்கு இன்ன இயங்குதளம்தான் வேண்டும் என்றில்லை.

வாரிசுச் சான்றிதழுக்காக அடுத்த மாதம் நான் அதே கடைக்குத்தான் மறுபடி போகவேண்டியிருக்கிறது.