வீடியோ கேம் பெட்டிகளை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்லூரில் டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேர்த்தும் வருகிறேன். அவற்றில் வீட்டுக் கணினியின் போர்டை (சிப்புகள் பொருத்திய மின்சுற்றுப் பலகையை) வைத்தே செய்த பெட்டிகள் மேல் எனக்குத் தனிப் பிரியம். 1980களின் கடைசியில் வந்த 'ஆர்கேடியா' பெட்டிக்குள் இருந்தது கமடோர் நிறுவனத்தின் அமிகா 500 என்ற வீட்டுக் கணினியின் போர்டுதான். பிளாப்பி டிஸ்க்குக்குப் பதில், கரண்ட் போனாலும் அழியாத ரோம் சிப்பில் கேம் இருக்கும். 1990இல் வந்த 'மேட் டாக் மெக்ரீ' என்ற துப்பாக்கி சுடும் கேமிலும் அமிகாதான். படம் மட்டும் லேசர் டிஸ்க்கில் (வீடியோ பதிந்த பெரிய வட்டத் தட்டில்) ஓடும். அமிகாவின் சிக்னல் டிவியைப் போலவே 15 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்குச் சுமார் 15 ஆயிரம் கோடுகள் வரையும் வேகத்தில்) வருவதால், பெட்டியின் பிக்சர் டியூப் அதை நேராக வாங்கிக்கொள்ளும்.

இப்போது பலர் அந்த போர்டையும் டியூபையும் கழற்றி எறிந்துவிட்டு, எல்சிடியும் ஆயிரம் கேம் உள்ள சீன போர்டும் மாட்டுகிறார்கள். வயிற்றெரிச்சலாக இருக்கிறது. "போர்டு போயிடுச்சுண்ணே" என்று என்னிடம் வந்த ஒரு பெட்டியில் போர்டுக்கு ஒன்றுமே இல்லை. பவர் சப்ளையில் கண்டென்சர்கள் உப்பி, 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.4தான் வந்தது. அவற்றை மாற்றியதும் படம் பளிச்சென்று வந்துவிட்டது. அப்புறம் ஜாய்ஸ்டிக்கின் தகடு ஸ்விட்சில் களிம்பு, துடைத்தால் போதும்.

மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் குடோனில் இப்படிப் பெட்டி வைத்திருப்பவர்கள், எடைக்குப் போடும் முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மதுரை அரசுப் பொருட்காட்சியில் இவற்றை ஓட்டிக் காட்ட ஓர் அரங்கு ஒதுக்க வேண்டும். என் பெட்டிகளை நானே கொண்டுவந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்,
செல்லூர், மதுரை