கடல் ரேடியோவுக்குக் கண்ட கம்பி வேண்டாம்

ஆசிரியருக்கு,

வாழைச்சேனை, கல்முனைப் படகுகளில் விஎச்எப் (கடல் ரேடியோ) அன்டெனா முறிந்தால் கைக்குக் கிடைத்த கம்பியைப் பூட்டுகிறார்கள். கம்பி நீண்டால் தூரம் போகும் என்பது வெறும் நினைப்பு. அவசர அலைவரிசை 16 என்பது 156.8 மெகாஹேர்ட்ஸ். 300ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் 1.91 மீற்றர்; அதில் கால் பங்கு 48 சென்றிமீற்றர், ஆனால் கம்பியில் அது சற்றுக் குறைவதால் கால் அலைக் கம்பி ஏறக்குறைய 46 சென்றிமீற்றர். நீளம் பிசகினாலும் ஓரளவு கேட்கும், அதுதான் ஏமாற்று. பேசும்போது சக்தி திரும்பி வந்து செட் சூடாகும்.

பைபர் படகில் உலோகத் தளம் இல்லாததால், அதே நீளத்தில் 4 கம்பிகளை அன்டெனாவின் அடியில் சரித்து, கோஅக்சியல் வயரின் (செட்டையும் அன்டெனாவையும் இணைக்கும் வயர்) வெளிப்பின்னலோடு இணையுங்கள். கால் அலைக் கம்பியை முதலில் 48 சென்றிமீற்றராக வெட்டி, திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீற்றர் 1.5க்குக் கீழே இறங்கும்வரை சிறிது சிறிதாக நறுக்குங்கள். சோதனையை 16இல் செய்யாதீர்கள்.

ரேடியோ திருத்துநர்,
வாழைச்சேனை