செயலாளர் ஆண்டறிக்கை: பிள்ளைகளின் நிறைப் பதிவு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மாதர் சங்கத் தலைவிமாரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டம், சிரமதானம், நுளம்பு ஒழிப்பு எல்லாம் வழமைபோல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டெப்பில் (கைக்கணினியில்) ஏற்றும் நிறைப் பதிவைப் பற்றித்தான் இங்கு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குடும்பநல உத்தியோகத்தர் தரும் விபரம் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம் வழியாகக் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் இணைய முறைமைக்குப் போகிறது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஎச்ஐஎஸ்2 மென்பொருளில் அது இயங்குகிறது. அங்கே தெரிவது தொகை மட்டும். நிறை குறைந்த பிள்ளைகள் முதல் காலாண்டில் 6, அடுத்ததிலும் 6 என்றால், அதே ஆறு பேரா, நாலு பேர் தேறி வேறு நாலு பேர் இறங்கினார்களா என்று தெரியாது. பிள்ளைக்கொரு இலக்கம் கொடுத்து நாம் தனிப்பதிவு வைப்பது இதற்காகத்தான். 20 பிள்ளைகள் உள்ள கணக்கில் ஒரு பிள்ளையே 5 சதவீதம். ஆகவே சதவீதம் ஏறி இறங்குவதைவிட, எந்தப் பிள்ளை என்று பார்ப்பதே பயன்.

பெரிய பிழை தராசில் இல்லை, பதிவேட்டில். 40 பெயர் இருந்து 27 பிள்ளைகளை நிறுத்தால் 67.5 சதவீதம். அதில் 10 பிள்ளைகள் தாய் தகப்பனோடு கொழும்புக்குப் போயிருந்தால் சரியான கணக்கு 90. மறுபக்கம், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போன இடத்திலும் இங்கும் ஒரே பிள்ளை இருமுறை பதியப்படும். பதிவேட்டில் உள்ள பெயர்களைவிட நிறுத்த பிள்ளைகள் கூடி 110 சதவீதம் என்று திரையில் வந்தால் கைதட்ட வேண்டாம், பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை. பிறந்த திகதி, தாயின் பெயர், லய (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) இலக்கம் மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும்.

அடுத்தது குளிர். சுவெட்டர், குல்லா, காலுறையோடு தராசில் போட்டால் சில நூறு கிராம் கூடும். மெலிந்த பிள்ளை திரையில் தேறிவிடும். கழற்ற அம்மாமார் தயங்குவது நியாயம்தான். பிள்ளைக்காம்பராவின் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின்) கதவைச் சாத்திவிட்டு, வெயில் ஏறிய பிறகு நிறுக்கலாம். அப்படியும் முடியாவிட்டால் அதே உடுப்பைத் தனியே நிறுத்துக் கழிக்கலாம். 100 கிராம் கோடுள்ள தராசில் 9.0, 9.5, 10.0 என்றே நிறை வரிசையாக வந்தால், முள்ளைப் பார்க்காமல் உத்தேசமாக எழுதியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் வெறும் தொட்டிலோடு முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்கவும்.

இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் உயரத்தைப் படுக்க வைத்தே அளக்க வேண்டும். நிற்க வைத்து அளந்துவிட்டால் 0.7 சென்றிமீற்றர் கூட்டவும். பிறந்த திகதியில் 04.07ஐ 07.04 என்று மாற்றி எழுதினால் வயது மூன்று மாதம் பிசகி, வயதுக்கேற்ற நிறை, வயதுக்கேற்ற உயரம் இரண்டும் கெடும். உயரத்துக்கேற்ற நிறை மட்டும் தப்பும், அதற்கு வயது வேண்டாம்.

சிக்னல் கிடைக்காத லயங்களில் பதிவு டெப்பிலேயே தங்கியிருக்கும். அனுப்பி முடிக்காமல் செயலியை அழித்தால் அந்தப் பதிவும் போய்விடும். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானத்தைச் சபை முன் வைக்கிறேன்: பதிவேட்டில் ‘போன இடம்’, ‘திரும்பிய திகதி’ என இரு நிரல்கள் சேர்த்து, மாதக் கடைசியில் லயம் லயமாகச் சரிபார்த்த பின்பே டெப்பில் ஏற்றுவது.

இப்படிக்கு,
செயலாளர்