மூளை மட்டும் போதாது, ஐயா

டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களின் செயற்குழுவினருக்கு,

வணக்கம். பரிசளிப்பு விழாவுக்கு விழா யாராவது ஒருவர் மேடையேறி, "நம்ம பிள்ளைகளுக்கு மூளை இருக்கு, முயற்சி இருந்தா போதும்" என்கிறார். டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்த நானும் கைதட்டியவன்தான். இப்போது கை எழவில்லை.

நம் தென்னாப்பிரிக்காவையே பாருங்கள். நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க 1950-இல் அரசு சாசோல் நிறுவனத்தைத் தொடங்கியது. 1955-இல் பெட்ரோல் வந்துவிட்டது. அதே நாட்டில் தொலைக்காட்சி வர 1976 ஆயிற்று. கரியைப் பெட்ரோலாக்கத் தெரிந்தவர்களுக்கு ஆன்டெனா நடத் தெரியாதா? தெரியும். வெளிநாட்டு எண்ணெய் நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயம் சாசோலைக் கொடுத்தது. படம் பார்த்து மக்கள் மனம் மாறிவிடுமோ என்ற பயம், அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சாக் போன்றவர்களின் பயம், தொலைக்காட்சியைத் தடுத்தது.

நம் கதையும் இதில் உண்டு. 1959 சட்டத்தின்படி, வெள்ளையர் அல்லாதவர் வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் சேர அமைச்சரின் அனுமதி வேண்டியிருந்தது. இந்தியருக்கு 1961-இல் டர்பன் துறைமுகத்தின் சால்ஸ்பரி தீவில், கடற்படையின் பழைய கட்டடங்களில் ஒரு கல்லூரி. படகேறிப் படிக்கப் போன என் பெரியப்பாவுக்கு மூளையில் என்ன குறைச்சல்?

அப்புறம் கரண்ட். 2007 வாக்கில் மின்சாரம் பற்றாது என்று 1998-இலேயே அரசின் வெள்ளை அறிக்கை எச்சரித்தது. புது மின்நிலையம் கட்ட, அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு நேரத்தில் அனுமதி கிடைக்கவில்லை. 2008 தொடக்கத்தில் நாம் மெழுகுவத்தி தேடினோம்.

2021-இல் உரிமம் இல்லாமல் மின்சாரம் உற்பத்தி செய்யும் வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100-க்கு உயர்த்தினார்கள். 2023 ஜனவரியில் வரம்பையே எடுத்துவிட்டார்கள். சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் சொந்தமாகச் சூரிய மின்நிலையம் போடக் கிளம்பின. அதற்காகப் புதுசாக எந்தப் பேனலையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை; மாறியது விதி மட்டும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நகராட்சியின் புதிய மின்கட்டணம் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முன் வரவுசெலவு வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கிறார்கள். கூரையில் பேனல் போட்டவருக்கு அது கட்டுப்படியாகுமா என்பது அந்தக் கட்டணத்தைப் பொறுத்தது. காவடிக்குச் சாலை அனுமதி வாங்க நகராட்சி வாசலில் பொறுமையாக நிற்கிற நாம், இதற்கும் சங்கத்தின் பெயரில் ஒரு மனு எழுதலாம். அறிவியல் கண்காட்சியில் சோலார் மாதிரி செய்கிற பிள்ளைகளையும் உட்கார வைத்து எழுதுவோம்.

வரைவு வந்ததும் நானே படித்து, முக்கியமான பக்கங்களைக் குறித்துக் கொண்டுவருகிறேன். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மின்பணியாளன்