முடிச்சு இறுகும் வரை கோவையிலேயே இரு

அன்புள்ள அம்மிணிக்கு,

மாறுகண் அறுவை முடிந்த அன்று மாலையே கோவையில் பேருந்து ஏறித் தாராபுரம் திரும்பிவிடலாமா என்று கேட்டிருந்தாய். மறுநாள் காலையில் தையலைச் சரிபார்த்த பிறகே அனுப்புவோம் என்று மருத்துவர் சொல்லியிருக்கும்போது, அந்த இரவை வீண் செலவாக எண்ணாதே. அறுவையின் பிற்பாதி அந்தக் காலையில்தான் நடக்கிறது.

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தித் தைப்பது என்பதை முன்பே அளந்து கணக்கிடுகிறார்கள் என்றாலும், கணக்கு சரியாக இருந்தும் விழித்தெழுந்த பின் கண் சற்று விலகி நிற்பதுண்டு. ஆகவே 1970களில் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் ஜாம்போல்ஸ்கி பரவலாக்கிய முறைப்படி, கன்றைக் கட்டும் உருவாஞ்சுருக்கைப் போல இளக்கவும் இறுக்கவும் முடிகிற தற்காலிக முடிச்சோடு தசையை விட்டுவைக்கிறார்கள். நீ தெளிந்து உட்கார்ந்ததும், கண்ணாடியை அணியச் செய்து, தொலைவிலும் அருகிலும் பார்க்கச் சொல்லிப் பிரிசம் என்னும் பட்டகக் கண்ணாடியால் விலகலை அளந்து, தேவையானால் தசையை நகர்த்தி, நிலையான முடிச்சைப் போடுவார்கள். பலருக்கு நகர்த்தவே வேண்டியிராது.

எப்போது சரிசெய்வது என்பதில் எல்லா மருத்துவர்களுக்கும் ஒரே வழக்கம் இல்லை. சிலர் அன்றே சில மணி நேரத்தில் முடிப்பார்கள், சிலர் மறுநாள் வரை பொறுப்பார்கள். அவசரப்பட்டால் மயக்கம் முழுதும் தெளியாத கண்ணை அளந்ததாகிவிடும். கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால், அதிலும் பூபிவகெய்ன் போல நெடுநேரம் நிற்கும் மருந்தென்றால், தசைக்கு வலு திரும்பவே பல மணி நேரம் ஆகும். நாள் கடந்தாலோ தசை கண்ணின் வெள்ளைப் பகுதியோடு ஒட்டத் தொடங்கி, நகர்த்துவது கடினமாகும், வலியும் கூடும். சில நாள் கழித்துச் சரிசெய்யும் முறைகளும் உண்டுதான். ஆனால் அவை மருத்துவர் முன்கூட்டியே திட்டமிடுபவை, நம் பேருந்து நேரத்துக்காக ஒத்திப்போடுபவை அல்ல. வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு மறுநாள் காலைதான் பொருத்தம் என்பது இந்தப் பெரியப்பனின் கருத்து.

கண்ணில் மரப்புச் சொட்டு விட்டுத்தான் தொடுவார்கள். ஆனாலும் தசையை இழுக்கையில் இதயத் துடிப்பு தணிந்து குமட்டலோ தலைசுற்றலோ வரலாம். பல்லைக் கடித்துப் பொறுக்காமல் உடனே சொல்லிவிடு. உன் கண் வெளிப்பக்கம் ஒதுங்குவது. அறுவைக்குப் பின் அது மீண்டும் சற்று வெளியே நகரக்கூடும் என்பதால், சில மருத்துவர்கள் வேண்டுமென்றே சிறிது உட்பக்கமாக நிறுத்துவார்கள். அப்படியானால் கொஞ்ச நாள் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியலாம். உனக்கும் அப்படித்தானா என்று முன்னதாகவே கேட்டு வை. மாறுகண் அதிர்ஷ்டம் என்று உன் அமுச்சி இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இரவு தங்கச் சிங்காநல்லூரில் உன் மாமன் வீடு இருக்கிறது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்துப் போ.

அன்புடன்,
பெரியப்பன்