ஏட்டு மகளின் கஞ்சா அட்டை

பிட்ஸ்பர்க்,
20 அக்டோபர் 2024

அன்புள்ள கோமதிக்கு,

நீ அனுப்பிய மூன்று குரல் பதிவையும் கேட்டேன். முதல் இரண்டில் உன் பேத்திதான் பேசுகிறாள். மூன்றாவதில்தான் நீ விஷயத்துக்கு வருகிறாய். "ராஜி, நீ கஞ்சா அட்டை வாங்கியிருக்கியாமே, நெசமாடி?" அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு நம் பாளையங்கோட்டை விடுதி வார்டன் ஞாபகம் வந்துவிட்டது. நெசம்தான். மருந்தாகக் கஞ்சா வாங்க மாநிலம் தருகிற அட்டை அது. மே மாதம் வாங்கினேன். யார் சொன்னார்கள் என்று உன்னிடம் கேட்கப் போவதில்லை. கோயில் மடப்பள்ளியில் புளியோதரை கிளறும்போது ஒருத்தியிடம் மட்டும்தான் வாயைத் திறந்தேன். நாலே நாளில் திருச்சிக்கு வந்துவிட்டது.

போனில் சொன்னால் வார்த்தைக்கு வார்த்தை 'அய்யய்யோ' போடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி கண்ணனைப் பற்றி நீ கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் படி.

கீமோ முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. புற்று அடங்கிவிட்டது, ஆனால் அதற்குக் கொடுத்த மருந்து செய்த வேலை அடங்கவில்லை. எனக்கு ஏற்றியது பாக்லிடாக்செல். கை, கால் நுனி நரம்புகளைப் பதம் பார்க்கிற மருந்து அது. பகலெல்லாம் விரல் மரத்துக் கிடக்கும். தோசைக்கல் சுடுகிறதா இல்லையா என்று தெரியாமல் இரண்டு முறை சுட்டுக்கொண்டேன். ராத்திரி படுத்தால் உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும், போர்வை பட்டால்கூடத் தாங்காது. காபாபென்டின் கொடுத்தார்கள், காலை பத்து மணி வரை தலை நிமிரவில்லை. டுலாக்செடின் கொடுத்தார்கள், வயிற்றைப் புரட்டியது. கடைசியில் என் புற்றுநோய் டாக்டரே "மருத்துவக் கஞ்சாவை யோசித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, அவரால் எழுதித் தர முடியாது.

இந்த இடம் எனக்கே புரிய நாளானது. அமெரிக்கா முழுவதுக்குமான 1970ஆம் வருடச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் பட்டியலில் வைத்தது. மருத்துவப் பயன் எதுவுமில்லை என்று அரசு முடிவு கட்டிய பட்டியல் அது. ஆகவே எந்த டாக்டரும் அதை மருந்துச் சீட்டில் எழுத முடியாது. மாநிலங்கள் சுற்றுவழி கண்டுபிடித்தன. 1996இல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு ஆரம்பித்து வைத்தார்கள். எங்கள் பென்சில்வேனியாவில் 2016இல் சட்டம் வந்தது, 2018இல் கடை திறந்தார்கள். இங்கே டாக்டர் மருந்து எழுதுவதில்லை. 'இந்த அம்மாளுக்குப் பட்டியலில் உள்ள நோய் இருக்கிறது' என்று சான்று மட்டும் தருகிறார். அதற்கும் அவர் நாலு மணி நேரப் பயிற்சி எடுத்து, மாநில சுகாதாரத் துறையில் பதிந்திருக்க வேண்டும். என் டாக்டர் பதியவில்லை.

பட்டியல் நீளமானது. புற்றுநோய், வலிப்பு, பார்க்கின்சன், கண் அழுத்த நோய், எய்ட்ஸ், எதற்கும் மசியாத நாள்பட்ட வலி, நரம்புக் கோளாறு என்று போகிறது. எனக்கு இரண்டு வாசல் வழியாகவும் இடம் இருந்தது, கொடுத்து வைத்தவள். 2019இல் மனப் பதற்றத்தையும் சேர்த்தார்கள். அதன் பிறகு வாசல் கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டது என்பது என் எண்ணம். பதற்றம் இல்லாதவர் யார், சொல்லு. ஆனால் நிஜமாகவே அதில் தவிக்கிறவர்களை நினைத்தால் வாயை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

சரி, எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன். முதலில் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் நாமே பேர் பதிய வேண்டும். பேரும் முகவரியும் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிற மாதிரியே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். இங்கேதான் நான் சறுக்கினேன். முப்பது வருடமாக எல்லோரும் என்னை இவர் பேரைச் சேர்த்துத்தானே கூப்பிடுகிறார்கள். அப்படியே தட்டிவிட்டேன். ஏற்கவில்லை. மறுபடி தட்டினேன், மறுபடியும் இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்க கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு, கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துப் பார்த்தால், 1991இல் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பேர் என்ற கட்டத்தில் அப்பா பேரைப் போட்டது அப்படியே தொடர்ந்து வந்திருக்கிறது. ராஜேஸ்வரி சுடலைமுத்து.

அதன் பிறகு பதிந்த டாக்டர் ஒருவரோடு வீடியோவில் பன்னிரண்டு நிமிடம். கீமோ காகிதங்களைப் பார்த்தார், என்னென்ன மருந்து சாப்பிட்டுப் பார்த்தாய் என்று கேட்டார், இதயக் கோளாறு உண்டா, வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று கேட்டார். 150 டாலர். காப்பீடு ஒரு காசு தராது. பிறகு மாநிலத்துக்கு 50 டாலர். ஏழைகளுக்கான உதவித் திட்டங்களில் இருப்பவர்களுக்கு அதில் சலுகை உண்டு. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

அட்டை தபாலில் வந்தது. உறையைப் பிரித்து அதில் அப்பா பேரைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் கோமதி. உனக்குத் தெரியும், அப்பா அம்பாசமுத்திரத்தில் ஏட்டாக இருந்தவர். ஒருமுறை ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது மேசை மேல் தினசரித் தாளில் சுற்றிய பொட்டலங்கள் வரிசையாக இருந்தன, மேலே அரக்கு முத்திரை. "தொடாதே, கஞ்சா" என்றார். அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அடங்காத பையன்களை மிரட்ட "கஞ்சா கேஸ் போட்டுருவேன்" என்பதுதான் அவருடைய கடைசி ஆயுதம். இப்போது பென்சில்வேனியா மாநிலம் அவர் பேரில் கஞ்சா அட்டை கொடுத்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைக்கு இங்கே டிஸ்பென்சரி என்று பெயர். நம் ஊர் முனிசிபல் டிஸ்பென்சரியை நினைத்துக்கொள்ளாதே. வாசலில் காவலாளி, அட்டையும் லைசென்ஸும் காட்டினால்தான் கதவே திறக்கும். உள்ளே நகைக்கடை மாதிரி விளக்கு. எனக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஒரு தாத்தா, கழுத்துவரை பச்சை குத்திய ஒரு பையன், பள்ளி ஆசிரியை மாதிரி ஒரு அம்மா. நம் ஊரில் டெல்லி என்றால் பயப்படுகிற மாதிரி இங்கே வங்கிகளுக்கு வாஷிங்டன் மத்திய அரசு என்றால் பயம், அதனால் கிரெடிட் கார்டு எடுபடாது, ரொக்கம் கொண்டு போக வேண்டும். முதல் தடவை என்பதால் மருந்தாளுநர் தனி அறையில் கூட்டி வைத்துப் பேசினார். மாத்திரை, எண்ணெய், களிம்பு, ஆவியாக இழுக்கிற பூ எல்லாம் இருக்கிறது. பற்ற வைத்துப் புகைக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. வீட்டில் செடி வளர்க்கவும் கூடாது. எனக்குச் சொட்டு மருந்து தந்தார். ராத்திரி 2.5 மில்லிகிராம், நாக்கடியில் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும், ஒரு வாரம் கழித்துத்தான் கூட்ட வேண்டும்.

நான் என்ன செய்தேன்? நமக்கு எந்த மருந்தும் பாலில் கலந்தால்தானே இறங்கும். பாலில் விட்டுக் குடித்தேன். முக்கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம். அப்புறம் இன்னும் கொஞ்சம். வயிற்றுக்குள் போனால் வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்று அவர் சொன்னது காதில் ஏறவே இல்லை. பதினொரு மணிக்கு மூன்றும் சேர்ந்து வந்தது. ஃபிரிட்ஜ் இரைச்சல் நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிற மாதிரி கேட்டது. மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டு, ஏறிக்கொண்டிருந்தேனா இறங்கிக்கொண்டிருந்தேனா என்று மறந்துவிட்டது. நாக்கு அட்டை மாதிரி காய்ந்துவிட்டது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து மோர் கொடுத்துக்கொண்டே இருந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை மணி என்ன என்று கேட்டேனாம். விடியற்காலையில்தான் தெளிந்தது. "உங்கப்பா இருந்திருந்தா லாக்கப்புல வச்சிருப்பாரு" என்றார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் திட்டவில்லை.

இப்போது 5 மில்லிகிராமில் நிற்கிறேன், நாக்கடியில்தான். வலி போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்குகிறேன், போர்வை போர்த்திக்கொள்கிறேன். பகலில் விரல் மரத்துப்போவதில் ஒரு மாற்றமும் இல்லை. நாள்பட்ட வலிக்குக் கஞ்சா உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருப்பதாக 2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை சொன்னது. ஆனால் கீமோவால் வந்த நரம்பு வலிக்கு என்று தனியாகப் பார்த்தால் ஆராய்ச்சி சொற்பம்தான். என் டாக்டரும் அதை மறைக்கவில்லை.

இன்னொரு சங்கதி கேள். நம் உடம்பே கஞ்சா மாதிரி ஒரு பொருளைச் சுரக்கிறதாம். 1992இல் அதை முதலில் பிரித்தெடுத்த ஜெருசலேம் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? ஆனந்தமைடு. நம் ஆனந்தம்தான். விடுதியில் நம் அறைக்குப் பக்கத்தில் இருந்த ஆனந்தியிடம் சொல்லிவிடு.

இனி கண்ணன் விஷயம். அவனுக்கும் முதுகுத்தண்டு அறுவைக்குப் பிறகு வலி, பிலடெல்பியாவில் இருக்கிறான், நான் வாங்கின மாதிரி அவனும் வாங்கலாமே என்று கேட்கிறாய். நோயை மட்டும் பார்த்தால் அவனுக்குத் தகுதி உண்டு, அவன் டாக்டர் காகிதம் போதும். ஆனால் நான் குடியுரிமை வாங்கிப் பதினைந்து வருடமாகிறது. அவனிடம் இருப்பது பச்சை அட்டை, அதாவது நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கிற கிரீன் கார்டுதான், அடுத்த வருடம்தான் குடியுரிமைக்கு எழுதிப்போடப் போகிறான். மாநிலம் கொடுக்கிற இந்த அட்டையைக் குடிவரவுத் துறை கண்டுகொள்ளாது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சா பயன்படுத்தியது 'நன்னடத்தை'க்குக் குறை, குடியுரிமையை மறுக்கலாம் என்று 2019 ஏப்ரலில் அவர்களே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். நேர்காணலில் போதைப்பொருள் பற்றிக் கேட்பார்கள். ஆமாம் என்றால் ஆபத்து, இல்லை என்று பொய் சொன்னால் அதைவிடப் பெரிய ஆபத்து. வழக்கே இல்லாவிட்டாலும், பயன்படுத்தினேன் என்று வாயால் ஒப்புக்கொண்டாலே போதும், ஊருக்கு வந்து திரும்பும்போது விமான நிலையத்தில் சிக்கலாகலாம். நண்பன் சொன்னான், கடைக்காரன் சொன்னான் என்று எதையும் செய்ய வேண்டாம், குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும் என்று நான் சொன்னதாகச் சொல். ஒரே மாதிரி வலி, ஒரே மாநிலம், ஒரே ஊர்க்காரர்கள், ஆனால் எனக்கு மருந்து, அவனுக்கு வினை. எனக்கே இது ஒப்பவில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது.

குடிமக்களுக்கும் முழு நிம்மதி இல்லை. இந்த மாநிலத்தில் ரத்தத்தில் கஞ்சாவின் மிச்சம் இருந்தாலே, மயக்கம் இல்லாவிட்டாலும், வண்டி ஓட்டியது குற்றம்தான். அட்டை இருந்தாலும் அதேதான். தினமும் எடுக்கிறவள் ரத்தத்தில் மிச்சம் இல்லாமல் எப்படி இருக்கும்? நூலகத்துக்கு இப்போது இவர்தான் கொண்டுபோய் விடுகிறார். மேற்கே ஒரு மணி நேரம் போனால் ஒஹாயோ. ஆகஸ்டிலிருந்து அங்கே 21 வயதான யாரும் அட்டையே இல்லாமல் வாங்கலாம். ஆனால் வாங்கி மாநில எல்லையைத் தாண்டினால் அது மத்தியச் சட்டப்படி கடத்தல். எல்லையில் ஒரு பலகையைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

பொங்கலுக்கு வருகிறேன் என்று சொன்னேன் இல்லையா, டிக்கெட் எடுத்தாயிற்று. சிங்கப்பூர் வழியாக ஜனவரி 8 ராத்திரி திருச்சி. 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கில் போடுகிற ஊர் சிங்கப்பூர். கைப்பையை இப்போதே உதறிக் கவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். இவர் கேலி செய்கிறார். சொட்டு மருந்து இங்கேயே பூட்டின அலமாரியில் கிடக்கும். அந்த மூன்று வாரம் ராத்திரி நான் உலாத்திக்கொண்டிருப்பேன், பயந்துவிடாதே. எனக்கு மாடி அறை வேண்டாம், கீழ் அறையைக் கொடு. ஃபேனுக்கு நேர் கீழே கட்டிலைப் போட்டு, மெல்லிசான பழைய வேட்டி ஒன்றை எடுத்து வை, போர்வைக்குப் பதில் அதுதான் காலுக்குத் தாங்கும். பிண்டத் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வை. தூக்கம் வராவிட்டால் உன்னைத்தான் எழுப்புவேன். விடுதியில் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நீ என்னை எழுப்பிய கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

கண்ணனிடம் இன்றைக்கே பேசு.

அன்புடன்,
ராஜி