வலென்சியாவில் ஒரு வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

ஈஸ்டர் விடுமுறையில் எல்லோரும் ஸ்பெயின் செல்வதற்கென நீ அனுப்பிய திட்டத்தை அப்பாவும் நானும் படித்தோம். சம்பந்தி அம்மாவிடமும் தொலைபேசியில் விவரமாகப் பேசினேன். பார்சிலோனா, வலென்சியா, கிரனாடா, கோர்தோபா, செவீயா, மட்ரிட் என்று ஆறு ஊர்களை நீ இரண்டு வாரத்துக்குள் அடக்கியிருக்கிறாய். இவ்வளவு தூரம் வருகிறவர்கள் எதையும் பாராமல் திரும்பிவிடக் கூடாது என்ற உன் அக்கறை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. இருந்தாலும், பார்சிலோனாவையும் மட்ரிட்டையும் திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வரலாறு கற்பித்தவளுக்கு மட்ரிட்டை விடுவது எளிதன்று. 1937இல் குண்டுவீச்சுக்கு இரையான கெர்னிக்கா நகருக்காகப் பிக்காசோ தீட்டிய அந்தப் பெரிய ஓவியம் அங்குள்ள ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதன் அச்சுப்படத்தைக் காட்டி எத்தனையோ வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் இந்தப் பயணத்தில் என் மனம் கேட்பது வேறு. அந்த நாட்டு மக்கள் மாலை வேளையில் வீட்டை விட்டு வெளியே வந்து, பாட்டி முதல் பேரன் வரை ஒரே தெருவில், ஒரே சதுக்கத்தில் பொழுதைக் கழிக்கும் வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்க வேண்டும். அதற்கு ஓர் ஊரில் சில நாட்களாவது தங்கி, ஒரே கடைக்கு மறுநாளும் போய், கடைக்காரர் நம் முகத்தை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்காவது இருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டி கட்டினால் அது வாய்க்காது. அப்பாவின் முழங்காலுக்கும் அது ஆகாது.

விசா விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூவரும் ஸ்பெயினில் இருக்கும் நாட்களைக் காட்டிலும் ஜெர்மனியில் உன் வீட்டில் இருக்கும் நாட்களே மிகுதி என்பதால், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விதிப்படி ஜெர்மனிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விசாவிலேயே ஸ்பெயினுக்கும் சென்று வரலாம். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பம் கொடுக்கலாம். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமலும், ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். அதை இங்கேயே எடுத்துக்கொள்கிறோம். எங்கள் செலவுக்கு நீங்கள் பொறுப்பேற்பதாக உங்கள் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் பெற வேண்டிய உறுதிக் கடிதத்தை மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லிச் சீக்கிரம் வாங்கி அனுப்பு.

இனி ஊர்களுக்கு வருகிறேன். நமக்கு விடுமுறை கிடைக்கும் வாரம் கிறிஸ்தவர்களின் புனித வாரம். அந்த வாரத்தில் செவீயாவில் அறை வாடகை ஏறிவிடும், கூட்டம் நெரியும், ஆகவே அங்கே தங்காமல் கடந்து சென்றுவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்வது உண்மைதான் என்றாலும், என் எண்ணம் அதற்கு நேர்மாறானது. பணம் கூடச் செலவானாலும் அந்த வாரத்தின் முதல் பாதியை அங்கேயே கழிக்க வேண்டும்.

குருத்தோலை ஞாயிறு தொடங்கி ஒவ்வொரு நாளும் பிற்பகலில், செவீயாவின் தொன்மையான சமயச் சகோதரச் சங்கங்கள் தத்தம் கோயிலிலிருந்து இயேசுவின் பாடுகளைக் காட்டும் திருவுருவங்களையும் மாதாவின் திருவுருவத்தையும் எழுந்தருளச் செய்து, நகரின் பேராலயத்துக்குச் சென்று, நள்ளிரவுக்குப் பிறகும் நடந்து தம் கோயிலுக்குத் திரும்புகின்றன. டன் கணக்கில் எடையுள்ள அந்த மேடைகளைப் பல பத்து ஆண்கள் உள்ளே மறைந்து நின்று, பிடரியில் தாங்கிச் சுமக்கிறார்கள். வெளியே என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. முன்னே நடக்கும் தலைவரின் குரலும், அவர் மேடையின் முகப்பில் உள்ள சிறு உலோகச் சுத்தியலைத் தட்டும் ஓசையுமே அவர்களை நடத்துகின்றன. நம் பெருமாள் கோயில்களில் ஸ்ரீபாதம்தாங்கிகள் சுவாமியைத் தோளில் ஏந்தி நடையழகு காட்டுவதைச் சிறுவயதில் நீ வாய்பிளந்து பார்த்தவள். உன் பிள்ளைகள் அதைப் பார்த்ததில்லை. தெய்வத்தைச் சுமப்பது ஓர் ஊருக்கு எத்தனை பெரிய பேறு என்பதை அவர்கள் செவீயாவிலாவது காணட்டும்.

கூம்பு வடிவ முகமூடி அணிந்து மெழுகுவத்தி ஏந்தி வரும் நோன்பாளிகளைக் கண்டு சின்னவன் பயப்படக்கூடும். அது பாவத்துக்கு வருந்தி நோன்பிருப்பவர்களின் பழைய உடை என்று முன்கூட்டியே சொல்லி வை. அந்த ஊர்க் குழந்தைகள் நோன்பாளிகளிடம் மெழுகுவத்தியைச் சாய்க்கச் சொல்லி, சொட்டும் மெழுகை உருண்டையாகச் சேர்த்து, அதை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக்கிக்கொண்டே போவார்களாம். நோன்பாளிகள் குழந்தைகளுக்கு மிட்டாயும் சிறு திருவுருவப் படமும் தருவதுண்டு. கொஞ்சம் மெழுகுத்தாளைச் சுருட்டி அவன் கையில் கொடுத்துவிட்டால் அவனும் அந்தக் குழந்தைகளோடு சேர்ந்துகொள்வான். ஏதாவதொரு மாடத்திலிருந்து ஒருவர் இசைக்கருவி எதுவுமின்றித் தன்னந்தனியாக உரத்துப் பாடத் தொடங்கினால் ஊர்வலம் முழுவதும் நின்று கேட்கும். அப்போது நாமும் பேச்சை நிறுத்திவிட வேண்டும், கைப்பேசியையும் உயர்த்தக் கூடாது.

வீட்டை குவாதல்கிவிர் ஆற்றுக்கு மேற்கே உள்ள திரியானாப் பகுதியில் பார். ஊர்வல நேரங்களில் நகர நடுவே வாகனங்கள் நுழைய முடியாது என்பதால், அங்கே அறை எடுத்தால் பெட்டிகளோடும் முதியவர்களோடும் தவித்துப்போவோம். திரியானா மண்பாண்டத்துக்கும் ஓடுகளுக்கும் ஃபிளமெங்கோ ஆடல்பாடலுக்கும் பெயர் பெற்றது. பாலத்தை ஒட்டியே காய்கறிச் சந்தையும் இருக்கிறது. அப்போது தெருவோர நாரத்தை மரங்களெல்லாம் பூத்து ஊரே மணக்கும் பருவம். அந்தப் பழம் கசக்கும், பறிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடு. ஃபிளமெங்கோவுக்கு இரவு விருந்தோடு சேர்த்து விற்கும் பெரிய அரங்குகள் வேண்டாம். ஒலிபெருக்கி இல்லாத சிறு கூடம் போதும். பரதம் பயிலும் பெரியவள் அதன் பன்னிரண்டு எண்ணிக்கைத் தாளச் சுற்றைக் காதால் பிடிக்க முயலட்டும். பார்வையாளர்கள் இஷ்டப்படி கை தட்டினால் ஆடுபவருக்குத் தாளம் குலையும் என்பதையும் அவளுக்குச் சொல்.

கோர்தோபா அங்கிருந்து விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம். ஒரு நாள் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். 785இல் தொடங்கிய பெருமசூதி, 1236க்குப் பிறகு தேவாலயமாகி, பதினாறாம் நூற்றாண்டில் தன் நடுவிலேயே ஒரு பேராலயத்தைத் தாங்கிக்கொண்டது. ரோமானியர் காலத்துப் பழைய தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியதால் உயரம் போதாமல், வளைவின்மேல் வளைவு வைத்துக் கூரையை உயர்த்தியிருக்கிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் என்னைத் தனியே விட்டுவிடு. நீங்கள் பிள்ளைகளோடு வெளிமுற்றத்தில் இருங்கள்.

நேரக் கணக்கைப் பற்றி நாம் இப்போதே தெளிவாக இருக்க வேண்டும். அங்கே மதிய உணவு இரண்டு மணிக்குமேல். இரவு உணவுக்கு எட்டரை, ஒன்பது மணிக்கு முன் பல இடங்களில் அடுப்பே மூட்டமாட்டார்கள். 1940இல் அந்த நாட்டின் கடிகாரத்தை மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியதால், வெயில் ஒரு கணக்கிலும் கடிகாரம் ஒரு கணக்கிலும் நடக்கின்றன. நம் நேரத்துக்கு அவர்களை இழுத்தால், சுற்றுலாப் பயணிகளுக்கென்று திறந்து வைத்த கடைகளில் சுவையற்ற உணவே கிடைக்கும். ஆகவே மதியம் நன்றாகச் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் உறங்க வைத்து, ஆறு மணிக்குச் சிற்றுண்டி முடித்துவிட்டு வெளியே கிளம்புவோம். அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்காக நான் பையில் எப்போதும் ஏதாவது வைத்திருப்பேன். அதற்காக யாரும் திட்டத்தை மாற்ற வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் பில் கேட்டு எழுந்துவிடாமல் அங்கே எல்லோரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். நாமும் அப்படி உட்காருவோம். உன்னோடு அப்படி உட்கார்ந்து பேசி எவ்வளவு காலமாகிவிட்டது!

சம்பந்தி அம்மா முட்டைகூடத் தொடாதவர்கள் என்பது உனக்குத் தெரியும். அவர்கள் எதையும் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். எனவே அந்தப் பொறுப்பை நீ எடுத்துக்கொள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால், பன்றித் தொடைச் சீவலையும் சூரை மீனையும் இறைச்சியாகக் கருதாமல் தட்டில் வைத்துவிடுவது அங்கே வழக்கம். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். உருளைக்கிழங்கு அடையில் முட்டை உண்டு, புனித வாரத்துப் பலகாரமான தொரிஹாவிலும் உண்டு. செவீயாவில் கீரையையும் கொண்டைக்கடலையையும் சீரகம் சேர்த்துச் சமைப்பார்கள். அது அவர்கள் நாவுக்கு நிச்சயம் ஒத்துப்போகும். கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப்பாகு ஊற்றித் தருவதும், குளிர்ந்த தக்காளிச் சாறான கஸ்பாச்சோவும், தக்காளி தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டியும் இருக்கின்றன. அரிசியும் சிறு குக்கரும் நான் கொண்டுவருகிறேன். சமையலறை உள்ள வீடாக மட்டும் பார்.

புதன்கிழமை கிரனாடாவுக்குச் சென்று ஈஸ்டர் முடியும்வரை அங்கே இருக்கலாம். அன்றிரவு ஜிப்சி மக்களின் சங்கம் தன் திருவுருவத்தை சாக்ரோமொன்தே குன்றுக்கு ஏற்றிச் செல்லும்போது வழியெல்லாம் தீ மூட்டி வரவேற்பார்கள். அந்த மக்களின் முன்னோர் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள். ஏற்றம் மிகுந்த வழி என்பதால் நீயும் மாப்பிள்ளையும் பெரியவளும் மட்டும் போய்வாருங்கள். சின்னவன் எங்களோடு இருப்பான். குன்றின்மேல் உள்ள அல்ஹம்பிரா கோட்டைக்கான நுழைவுச்சீட்டைத்தான், விமானச்சீட்டு உறுதியான அன்றே, எல்லாவற்றுக்கும் முன்னதாக நீ வாங்க வேண்டும். அது கடவுச்சீட்டு எண்ணோடு பெயர் போட்டுத் தரப்படுவது. உள்ளே நஸ்ரிது வம்ச மன்னர்களின் அரண்மனைகளுக்குள் நுழைய குறித்த நேரம் உண்டு, தவறினால் உள்ளே விடமாட்டார்கள். 1492இல் கடைசி முஸ்லிம் மன்னர் ஒப்படைத்துவிட்டுப் போன அந்தக் கோட்டையின் சுவர்களில் கவிதைகளையே செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அப்பாவுக்கு அங்கே வேறொன்று காத்திருக்கிறது. தாரோ ஆற்றின் மேற்பகுதியில், ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் நீரைத் திருப்பி, வாட்டம் பிசகாமல் மலைச்சரிவோரமாகவே வாய்க்கால் வெட்டி, அந்த உச்சிக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். பன்னிரண்டு சிங்கங்களின் நீரூற்றும் தோட்டங்களும் அந்த வாய்க்காலை நம்பியவை.

இதை எழுதும்போதே, நான் உண்மையில் கேட்க வந்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் திட்டத்தில் வலென்சியாவுக்கு ஒரு சனிக்கிழமை மட்டும் ஒதுக்கியிருக்கிறாய். அதை மாற்றி, ஈஸ்டருக்கு அடுத்த வியாழக்கிழமை நண்பகலில் நாம் அங்கே இருக்கும்படி செய். வலென்சியாவின் பேராலயத்தில் அப்போஸ்தலர் வாசலுக்கு முன்னால் வியாழன்தோறும் பன்னிரண்டு மணிக்கு நீர் நடுவர் மன்றம் கூடுகிறது. தூரியா ஆற்றுப் பாசன வாய்க்கால்களின் உழவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர், கறுப்பு மேலுடை அணிந்து வட்டமாக அமர்வார்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, வழக்கு உண்டா என்று ஊழியர் கூவி அழைப்பார். வழக்கறிஞர் கிடையாது, எல்லாம் அவர்கள் மொழியில் வாய்ப்பேச்சாகவே நடக்கும். ஆற்றின் வலக்கரை வாய்க்காலில் எழுந்த வழக்கு என்றால் தீர்ப்பை இடக்கரைப் பிரதிநிதிகள் முன்மொழிய வேண்டும், இடக்கரை என்றால் வலக்கரையினர். மேல்முறையீடு இல்லை. முஸ்லிம் மன்னர்கள் காலத்திலிருந்து தொடர்ந்து வருவதாகச் சொல்லப்படும் இந்த மன்றத்தை 2009இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல வாரங்களில் வழக்கே இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இவ்வளவும் கேட்கிறேன். பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் அப்பா கழித்த ஆண்டுகளில், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று இரவில் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த விவசாயிகள் உனக்கு நினைவிருக்கும். முறைப்பாசனத்தில் யாருக்கு எந்த நாள் என்று இரு ஊர்களுக்கு நடுவே நின்று பேசித் தீர்த்துவிட்டு, சாப்பிடாமல் படுத்த இரவுகள் அவருக்கு உண்டு. வலென்சியா மன்றத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை ஒரு நாளிதழிலிருந்து கத்தரித்து, பணிப்பதிவேட்டு நகல்களோடு இன்றுவரை வைத்திருக்கிறார். உன் திட்டத்தைப் படித்தபோது அதை எடுத்துப் பார்த்தாரே தவிர, கிழமையை மாற்றச் சொல்லி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டார்.

வலென்சியாவில் பிள்ளைகளுக்கும் குறைவிருக்காது. 1957 வெள்ளத்துக்குப் பின் தூரியா ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டு, பழைய ஆற்றுப்படுகையை நெடும் பூங்காவாக்கியிருக்கிறார்கள். அதில் நாள் முழுக்க ஓடியாடலாம். 2024 அக்டோபர் வெள்ளத்தில் அந்தப் புதுத்தடம் நகரைக் காத்தபோதிலும், அதற்குத் தெற்கே இருந்த ஊர்களில் ஏராளமானோர் மாண்டுபோனார்கள் என்பதை அப்பா படித்து வருந்தினார். அதைப் பற்றி மாப்பிள்ளையோடு நெடுநேரம் பேசுவார். பயேயா சோற்றை மதியத்தில் காய்கறி போட்டு வாங்கலாம், ஆனால் கொதிநீர் இறைச்சிச் சாறா என்று கேட்டுவிடு. நம் கோரையின் இனத்தைச் சேர்ந்த கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழியும் ஒர்ச்சாத்தா என்ற பானத்தில் மாட்டுப்பாலும் இல்லை, வேறு சந்தேகமும் இல்லை. சம்பந்தி அம்மா நிம்மதியாகக் குடிக்கலாம்.

கிரனாடாவிலிருந்து வலென்சியாவுக்கு ரயிலில் போனால் மட்ரிட்டில் மாற வேண்டியிருக்கும், ஒரு பகல் அதிலேயே போய்விடும் என்கிறார் அப்பா. ஈஸ்டருக்கு மறுநாள் கூட்டம் இருக்குமாதலால் செவ்வாய்க்கிழமைக்குப் பயணச்சீட்டு எடு. வீடு திரும்பும் விமானத்தை வலென்சியாவிலிருந்தே பார். எங்கள் மூவரின் கடவுச்சீட்டு நகல்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். சம்பந்தி அம்மாவுடையது அடுத்த ஆண்டு மார்ச்சில் முடிவதால், அதை மட்டும் புதுப்பித்துக்கொண்டு பிறகு நுழைவுச்சீட்டுக்கு எண் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா